அறிவை நிறுக்கும் தராசு

அளவை இல்லாமல் வியாபாரம் இல்லை. படியும் முழக்கோலும் தராசும் இல்லாத சந்தையில் வாங்குபவனுக்கும் நிம்மதியில்லை, விற்பவனுக்கும் நிம்மதியில்லை. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று வழங்குகிறது. வாணிபத்தையே வாழ்வாகக் கொண்ட நம் சமுதாயத்தினருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அளவை என்பது வெறும் கருவியன்று. அது ஓர் அமானத்.

ஆனால் அரிசியையும் துணியையும் அளப்பது போல மனிதனுடைய அறிவையும் அளக்கலாமா? அளக்கலாம் என்றால் எந்தப் படிக்கல்லை வைத்து அளப்பது? அந்தக் கல் சரியான கல்தானா என்று சோதிப்பவர் யார்? இக்கேள்விகள் பல்கலைக்கழகப் பண்டிதர்களுக்கு மட்டும் உரியவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் பிள்ளைகள் இன்று மின்பொறியியலும் மின்னணுவியலும் கற்கச் செல்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது, எந்தப் பேராசிரியர் உயர்ந்தவர் என்று கேட்டால், உடனே ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பி நாம் பணத்தையும் கட்டுகிறோம், பிள்ளையையும் ஒப்படைக்கிறோம். ஆகவே அந்தப் பட்டியல் எவ்வாறு தயாராகிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

ஆராய்ச்சியாளர் ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகையில் வெளியிடுகிறார். பின்னால் வருபவர் அதைப் பயன்படுத்தினால், ‘இன்னார் எழுதிய இன்ன கட்டுரையிலிருந்து இதைப் பெற்றேன்’ என்று தம் கட்டுரையின் கடைசியில் குறிப்பிடுவார். இதற்கு மேற்கோள் என்று பெயர். அது கடன் சீட்டைப் போன்றது. ‘இவரிடம் நான் பெற்றேன்’ என்னும் ஒப்புதல். இந்தச் சீட்டுகளை எல்லாம் ஒன்றுதிரட்டி, யார் பெயரில் எத்தனை சீட்டு இருக்கிறது என்று எண்ணுவதே இன்றைய பட்டியல்களின் அடிப்படை.

இதைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட். அந்நாட்டு வக்கீல்கள் ஒரு தீர்ப்பைப் பிந்திய தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன என்று அறிய 1873 முதல் ஓர் அட்டவணையைப் பயன்படுத்தி வந்தார்கள். அதே முறையை விஞ்ஞானத்துக்கும் கொண்டுவரலாம் என்று அவர் 1955இல் எழுதினார். 1964 முதல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையைத் தொடர்ந்து வெளியிட்டார். அந்த அட்டவணை வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் வழிகாட்டியாகவே பிறந்தது. மனிதரை வரிசைப்படுத்தும் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவுக்கு வழி சொல்ல நட்ட கைகாட்டி மரத்தையே, எந்தக் கடைக்காரர் நல்லவர் என்று சொல்லும் நீதிபதியாக ஆக்கிக்கொண்ட கதை இது.

2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் ஒரு புதிய கணக்கைச் சொன்னார். அதற்கு ‘எச் குறியெண்’ என்று பெயர். ஒருவருடைய குறியெண் நாற்பது என்றால், அவர் எழுதியவற்றுள் நாற்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் நாற்பது தடவையேனும் மேற்கோளாகியிருக்கின்றன என்பது பொருள். நம் மொழியில் சொன்னால், ஒரு கடையில் நாற்பது வகைச் சரக்கு ஒவ்வொன்றும் நாற்பது உருப்படியாவது விற்றிருக்க வேண்டும். ஒரே சரக்கை மட்டும் இலட்சக்கணக்கில் விற்றவனுக்கு இக்கணக்கில் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்.

மின்பொறியியல், மின்னணுவியல் துறைக்கு ‘ரிசர்ச் டாட் காம்’ என்னும் தளம் வெளியிடும் பட்டியல், துறைக்குள் வந்த கட்டுரைகளை மட்டும் கொண்டு இதே முறையில் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிடத் தொடங்கிய பட்டியல் ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறது; தன்னைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கியும் ஒரு வரிசை தருகிறது. ‘உலகின் முதல் இரண்டு விழுக்காட்டு விஞ்ஞானிகள்’ என்று மலேசியப் பல்கலைக்கழகங்கள் பெருமையோடு அறிவிப்பது இந்தப் பட்டியலைத்தான்.

இந்தக் கணக்கில் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நடுநிலையோடு பார்ப்போம். எண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சிபாரிசு நடக்கும். பெரிய இடத்துப் பிள்ளை, வேண்டியவரின் மாணவன், ஒரே ஊர்க்காரன் என்ற தகுதிகள் முன்னால் வந்து நிற்கும். எண்ணோ நிறம் கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, தகப்பனார் யாரென்று விசாரிப்பதில்லை. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இது சிறிய நன்மையன்று. பெயர் தெரியாத ஊரிலிருந்து எழுதும் ஏழை ஆராய்ச்சியாளனுடைய கட்டுரையை நூறு நாட்டினர் எடுத்தாண்டார்கள் என்றால், அந்த நூறு சாட்சிகளை எந்தத் துறைத் தலைவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

பாக்கூ நகரில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த லோத்ஃபி ஸாதே 1965இல் ‘மங்கற் கணங்கள்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘சூடு’, ‘குளிர்’ என்று இரண்டாக வெட்டாமல், ‘கொஞ்சம் சூடு’, ‘சற்றே குளிர்’ என்று மனிதர் பேசுவது போலவே கணிதத்தையும் பேச வைக்கலாம் என்பது அவர் கருத்து. அக்காலத்தில் பலர் அதை ஏளனம் செய்தார்கள். ஆனால் ஜப்பானில் 1987இல் செண்டாய் நகரச் சுரங்க ரயில் அந்த முறையில் ஓடிற்று. நம் கடைகளில் விற்கும் மின்சாரச் சோற்றுப் பானையிலும் சலவை இயந்திரத்திலும் அது புகுந்தது. அக்கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள் இன்று ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஏளனம் செய்தவர்களுக்கு எண்ணே பதில் சொல்லியது. இதை நாம் மறைக்கக் கூடாது.

அப்படியானால் குறை எங்கே? நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் கேட்டால் மூன்று குறைகளை உடனே சொல்லிவிடுவார்கள்.

முதலாவது, எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு. பத்தாயிரம் இந்தோனேசிய ரூப்பியாவையும் பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளியையும் ஒரே கட்டில் வைத்து, ‘இரண்டும் பத்தாயிரந்தான்’ என்று எவரேனும் கணக்கெழுதுவாரா? ஆனால் அறிவுச் சந்தையில் இது நடக்கிறது. கணினிக்குப் படங்களை இனங்காணக் கற்பிக்கும் முறை பற்றி 2016இல் ஒரு மின்பொறியாளர் மாநாட்டில் வெளியான கட்டுரை ஒன்று இரண்டு இலட்சம் மேற்கோள்களுக்கு மேல் பெற்றிருக்கிறது. உயர் அழுத்த மின்மாற்றியின் காப்புப் பொருளை ஆராய்பவருக்குச் சில நூறு கிடைத்தாலே அது பெரிய காரியம். முன்னவருடைய துறையில் எழுதுவோர் கூட்டம் பெரிது. பின்னவருடைய துறையில் சிறிது. இருவரையும் ஒரே பட்டியலில் ஏற்றி இறக்கினால், மின்மாற்றிக்காரர் எப்போதும் கீழேதான் கிடப்பார். ஆனால் அவருடைய வேலை கெட்டால் ஊரே இருட்டில் மூழ்கும்.

இரண்டாவது, கள்ள நோட்டு. பிரான்சு நாட்டுக் கணினி அறிஞர் சிரில் லபே 2010இல் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். ‘ஐக் அன்ட்கேர்’ என்று உலகில் இல்லாத ஓர் ஆசாமியைப் படைத்தார். இயந்திரம் எழுதிய அர்த்தமற்ற கட்டுரைகள் நூற்றுக்கு மேல் அவன் பெயரில் தயாராயின. ஒவ்வொன்றும் மற்றவற்றை மேற்கோள் காட்டிற்று. கூகிள் ஸ்காலர் கணக்கில் அந்த இல்லாத மனிதனுடைய எச் குறியெண் 94 ஆயிற்று! அதே லபே 2014இல் இன்னொன்றையும் வெளிப்படுத்தினார். மின்பொறியாளரின் மாபெரும் உலகக் கழகமான ஐ.இ.இ.இ. வெளியிட்ட மாநாட்டுத் தொகுப்புகளிலேயே அத்தகைய இயந்திரக் குப்பைகள் நூற்றுக்கு மேல் கலந்திருந்தன. அவற்றைப் பின்னர் அகற்றினார்கள்.

மூன்றாவது, தன் சரக்கைத் தானே வாங்கி விற்பனைக் கணக்கில் எழுதுவது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதில் ஓரளவு நியாயம் உண்டு. முன் செய்த வேலையின் தொடர்ச்சியாக அது வரலாம். ஆனால் பத்துப் பேர் கூடி, ‘நீ என்னை எழுது, நான் உன்னை எழுதுகிறேன்’ என்று பேசிக்கொண்டால் அதற்குப் பெயர் அறிவா? இன்னும் ஒரு வகை உண்டு. அதைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. சவூதி அரேபியாவின் சில பல்கலைக்கழகங்கள் புகழ்பெற்ற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் தந்து, தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அவர்கள் பெயரோடு போட்டுக்கொள்ளச் செய்கின்றன என்று 2011இல் அமெரிக்க விஞ்ஞான இதழ் ஒன்று எழுதியது. 2023இல் ஸ்பெயின் நாட்டுச் செய்தித்தாள் ஒன்றும் எழுதியது. பலகையை மட்டும் மாற்றி மாட்டினால் கடை பெரிதாகிவிடுமா? பக்தாதிலும் குர்துபாவிலும் அறிவு வளர்ந்த நாளில், அந்நகரங்கள் அறிஞருக்கு நிழலும் நூலும் மாணவரும் தந்தன. பெயரை வாடகைக்கு வாங்கி வளரவில்லை. அதிகம் மேற்கோள் பெற்றோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைச் சந்தேகத்தின் பேரில் விலக்க வேண்டியிருந்தது என்றால், நோயின் கடுமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை பொய்க் கணக்கின் குறைகள். இவற்றைக் களைந்துவிடலாம். ஆனால் உண்மைக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. அது இன்னும் ஆழமானது.

எகிப்தின் போர்ட் ஸைத் நகரில் பிறந்தவர் முஹம்மது அதல்லா. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கொரியரான தாவன் காங்குடன் சேர்ந்து 1959இல் ஒரு வகை டிரான்சிஸ்டரை உருவாக்கினார். அது மாஸ்ஃபெட் எனப்படும். நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள் கோடிக்கணக்கில் இருப்பது அதுவே. அதற்கு அடுத்த ஆண்டில் அதை ஒரு மாநாட்டில் அறிவித்தபோது பெரிய ஆரவாரம் எதுவும் எழவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஜாக் கில்பி, 1958 கோடையில் மற்றவர்கள் விடுமுறையில் போயிருக்க, தமக்கு விடுமுறை கிடைக்காமையால் தனியே இருந்து ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கினார். அது சஞ்சிகைக் கட்டுரையாக அன்று, காப்புரிமையாகவே பதிவாயிற்று. 2000இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எச் குறியெண்ணை மட்டும் பார்த்து வேலைக்கு ஆள் எடுப்பவர், கில்பியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஜெர்மனியின் ஓம் என்பவர் 1827இல் மின்தடை பற்றிய விதியை வெளியிட்டார். இன்று மின்கம்பி இழுக்கும் தொழிலாளியும் ‘ஓம்’ என்கிறான். ஆனால் அவருடைய நூலை மேற்கோள் காட்டுவார் மிகச் சிலரே. கிளாட் ஷானன் 1948இல் செய்தித் தொடர்புக்கு ஒரு கணிதம் வகுத்தார். ‘பிட்’ என்ற சொல்லை அச்சில் உலகறியச் செய்தது அந்தக் கட்டுரையே. இன்று ‘பிட்’ என்று சொல்லும்போது ஷானனை நினைப்பவர் எத்தனை பேர்? சர்க்கரை பாலில் முழுவதும் கரைந்த பிறகு அதைத் தனியே எடுத்து நிறுக்க முடியுமா? அறிவும் அப்படியே. முழு வெற்றி பெற்ற அறிவு எல்லோருடைய சொத்தாகிவிடுகிறது. எவருடைய பேரேட்டிலும் அதற்குப் பற்று எழுதுவதில்லை.

இந்த இடத்தில் நம் முன்னோர் வகுத்த ஒரு முறையை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு செய்தியைப் பலர் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஹதீஸ் கலை வல்ல இமாம்கள் அதை ஏற்றுக்கொண்டதில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நாணயம் எப்படி, நினைவாற்றல் எப்படி என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அதே சமயம் எண்ணிக்கையை அவர்கள் அவமதிக்கவும் இல்லை. ‘முதவாதிர்’ என்னும் வகைக்கு எண்ணிக்கையே ஆதாரம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சொன்னவர்கள் எல்லோரும் ஒன்றுகூடிப் பேசிவைத்துப் பொய் சொல்லியிருக்க முடியாது என்ற நிலை, சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எல்லாம் ஒரே ஒருவரிடம் போய் முடிந்தால், பின்னால் நூறு பேர் சொன்னாலும் அது ஒருவர் சொன்ன செய்தியே. எண்ணிக்கை எப்போது சாட்சியாகும், எப்போது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி வேண்டுமா?

இந்த விதியை மேற்கோள் பட்டியலில் வைத்துப் பார்ப்போம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மின்பொறியியல் துறையைச் சேர்ந்த சிம்கினும் ராய்சௌதுரியும் 2003இல் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். மேற்கோள்களில் வரும் அச்சுப் பிழைகளை அவர்கள் தேடினார்கள். ஒருவர் செய்த பக்க எண் பிழை அடுத்தடுத்தவர் கட்டுரைகளிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது. மூலத்தைத் திறந்து படித்திருந்தால் அந்தப் பிழை எப்படித் தொடரும்? மேற்கோள் காட்டுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலக் கட்டுரையைப் படிக்கிறார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அப்படியானால் நூறு சாட்சிகள் என்று நாம் எண்ணியது இருபதாகச் சுருங்கிவிடவில்லையா? மற்றவர்கள் எல்லோரும் பக்கத்துக் கடைக் கணக்கைப் பார்த்து எழுதியவர்கள்.

ஆகவே நம் முடிவு இதுதான்: எண் சாட்சியாக வரலாம், நீதிபதியாக உட்காரக் கூடாது. இது நம்முடைய அபிப்பிராயம் மட்டும் அன்று. 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய சஞ்சிகை ஆசிரியர்கள் ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். வெளியான சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளரை மதிப்பிடாதீர்கள், அவர் செய்த வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள் என்பது அதன் சாரம். 2015இல் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்து விதிகளும், எண் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றே தொடங்குகின்றன. எச் குறியெண்ணை வகுத்த ஹிர்ஷ்கூட, தம் கணக்கு கடுமையான தீய விளைவுகளையும் உண்டாக்கக்கூடும் என்று 2020இல் எழுதினார்.

ஆனால் பட்டியல் போடுபவர்மேல் பழி முழுவதையும் சுமத்திவிட்டு நாம் நழுவிவிட முடியாது. பட்டியலைக் கேட்பவர் யார்? நாமல்லவா? எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்தால், ‘பிள்ளை என்ன கற்றான்?’ என்று கேட்கிறோமா, ‘எத்தனை ஏ?’ என்று கேட்கிறோமா? சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் கொடுக்கும்போது ‘ஏ’க்களை எண்ணிவிட்டு விண்ணப்பத்தை மூடிவிடுவது எளிது. பிள்ளையை அழைத்து அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவது கடினம். எளிதான அளவையைத் தேடுவது நம்முடைய சோம்பல். அதற்கு நியாயம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். இரவில் கடையைக் கூட்டிச் சாத்திவிட்டு, மூட்டைகளின்மேல் உட்கார்ந்து படித்து ஏழு ‘ஏ’ வாங்கிய பிள்ளையும், நாலு பாடத்துக்குத் தனி ஆசிரியர் வைத்துப் பத்து வாங்கிய பிள்ளையும் எண்ணில் ஏறி இறங்கலாம். தராசில் எப்படி நிற்பார்கள் என்பது வேறு கேள்வி.

வியாபாரி இதை அறியாதவன் அல்லன். கடனுக்குச் சரக்குக் கேட்டு ஒருவர் வந்தால் அவருடைய கணக்கேட்டைப் பார்க்கிறோம்; அத்தோடு நிற்கிறோமா? கடைத்தெருவில் விசாரிக்கிறோம். நெருக்கடி வந்த ஆண்டில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்கிறோம். ஏடும் வேண்டும், நாணயமும் வேண்டும் என்பது நம் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். பத்து மூட்டை வெங்காயத்துக்குச் செய்யும் விசாரணையைப் பிள்ளையின் படிப்புக்கும் செய்யலாகாதா? ஒரு பேராசிரியரின் எண்ணைப் பார்த்த பிறகு இன்னும் சில கேள்விகள் கேட்போம். அவருடைய துறையில் அந்த எண் பெரிதா, சிறிதா? அவரை எடுத்தாண்டவர்கள் யார்? அவரிடம் படித்த மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவர் கண்டுபிடித்தது எந்த ஊரின் விளக்கை எரிய வைத்தது?

ஆராய்ச்சித் துறைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் பக்தாதின் நிஸாமிய்யா கலாசாலையில் அக்காலத்தின் மிகப் பெரிய ஆசனத்தில் அமர்ந்திருந்தார்கள். தம் போதனையின் நிய்யத்தைத் தாமே சோதித்தபோது, அதில் புகழாசை கலந்திருப்பதைக் கண்டு அஞ்சி, 1095இல் அந்த ஆசனத்தை விட்டு வெளியேறினார்கள். எல்லோரும் பதவியைத் துறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு எண் கேட்கும் உலகில் எண்ணும் சேரத்தான் வேண்டும். ஆனால் எண்ணுக்காகக் கட்டுரை எழுதத் தொடங்கிய நாளில் நிய்யத் கெட்டுவிடுகிறது. ஒரு பெரிய உண்மையை எட்டுத் துண்டாக வெட்டி எட்டுக் கட்டுரையாக விற்பவன் எடையில் குறைப்பவனுக்கு எந்த வகையில் குறைந்தவன்?

மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றுள் ஒன்று, பிறருக்குப் பயன் தரும் கல்வி என்று நம் மார்க்கம் போதிக்கிறது. எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதன்று, பயன்பட்டதா என்பதே அங்கே கேள்வி. அந்தக் கணக்கை எழுதும் ஏடு வேறு. அதை நிறுக்கும் மீஸான் வேறு. இந்த உலகத் தராசுகளை நாம் நேர்மையாகப் பிடிப்போம். அவை காட்டும் அளவை அந்த அளவுக்கு மட்டும் நம்புவோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதை இனங்காணும் கண்ணையும் தந்தருள்வானாக! ஆமீன்.